பிள்ளை ஜெசுவிட் பல்கலைக்கழகத்தில் சேரப்போகிறதா? பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை, முன்கூட்டியே முடிக்க வேண்டியவை

அமெரிக்காவில் ஒரு ஜெசுவிட் பல்கலைக்கழகத்தில் உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைத்து, மே முதல் தேதிக்குள் முன்பணமும் கட்டியாகிவிட்டதா? வாழ்த்துகள். ஜார்ஜ்டவுன், பாஸ்டன் காலேஜ், ஃபோர்டாம், செயின்ட் லூயிஸ், மார்க்கெட், லயோலா சிகாகோ, கிரெய்ட்டன், சாண்டா கிளாரா என்று ஜெசுவிட் எனப்படும் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையினரின் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இந்த நாட்டில் 25-க்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தேதிகளும் கட்டணங்களும் கொஞ்சம் மாறும். ஆனால் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

எங்கள் மகளின் முதல் வருடத்தில் எதற்கு எந்த அலுவலகத்தைப் பிடிப்பது, எந்தப் படிவத்தை எப்போது கொடுப்பது என்று தெரியாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இந்தப் பல்கலைக்கழகங்களில் உதவிக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அதைப் பிள்ளைதான் போய்க் கேட்க வேண்டும். பெற்றோர் கேட்டால் சட்டம் குறுக்கே நிற்கும். ஆகவே நமக்கு இரண்டு வேலை: ஆகஸ்டுக்குள் காகித வேலைகளை முடித்துவிடுவது, எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு சரியான நேரத்தில் பிள்ளைக்குச் சொல்வது.

1. முதலில் ஃபெர்பா

சென்னை லயோலாவிலோ, திருச்சி செயின்ட் ஜோசப்பிலோ, பாளையங்கோட்டை செயின்ட் சேவியரிலோ படித்த பெற்றோர் இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்குத்தான் இது அதிக அதிர்ச்சியாக இருக்கும். அங்கே வருகை குறைந்தால் வீட்டுக்குக் கடிதம் வரும், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்பார்கள். இங்கே அப்படி எதுவும் நடக்காது. ஃபெர்பா என்ற 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் கல்விப் பதிவுகள் மாணவருக்கே உரியவை. பிள்ளைக்கு 17 வயதுதான் ஆகிறது என்றாலும் அப்படித்தான். முழுக் கட்டணத்தையும் நீங்களே கட்டினாலும் மதிப்பெண், வருகை, ஒழுங்கு நடவடிக்கை எதையும் அவர்களாக உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் மாலை பிள்ளையோடு உட்கார்ந்து, மாணவர் போர்ட்டலுக்குள் போய் இரண்டு அனுமதிகளைப் போடச் சொல்லுங்கள். ஒன்று, கட்டண பில்லைப் பார்ப்பதற்கும் கட்டுவதற்கும். இன்னொன்று, கல்விப் பதிவுகளைப் பார்ப்பதற்கும் அதிகாரிகளுடன் பேசுவதற்கும். பல இடங்களில் இவை இரண்டும் தனித்தனி. பில் கண்ணுக்குத் தெரிகிறதே, எல்லாம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அக்டோபரில் ஏதாவது பிரச்சினை என்று தொலைபேசியில் அழைத்தால், உங்கள் பெயர் எங்களிடம் இல்லை என்பார்கள். சில பல்கலைக்கழகங்களில் தொலைபேசியில் பேசுவதற்கென்று ஒரு ரகசிய எண்ணோ சொல்லோ வைக்கச் சொல்வார்கள். அதையும் அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செலவு எதுவும் இல்லை, அரை மணி நேர வேலை.

பிள்ளை மதிப்பெண் அனுமதி தர மறுத்தால்? என் கருத்து, அதற்காகச் சண்டை போட வேண்டாம். பில் அனுமதி கட்டாயம் வேண்டும். மற்றதை, செமஸ்டர் முடிந்ததும் நீயே எடுத்துக் காட்டு என்று பேசி முடித்துக்கொள்ளலாம். வருமான வரியில் பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டியிருந்தால் பல்கலைக்கழகம் பெற்றோருக்குத் தகவல் தரலாம் என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இதை வைத்துத் தொலைபேசியில் வாதாடிப் பயனில்லை.

இதோடு ஒன்றை மறக்காதீர்கள். அவர்கள் உங்களுக்குச் சொல்லத்தான் தடை. நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தடை இல்லை. பிள்ளை சாப்பிடுவதில்லை, அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று உங்களுக்குத் தெரிந்தால் மாணவர் நல டீன் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் போய்ப் பார்ப்பார்கள். உயிருக்கோ உடல்நலத்துக்கோ அவசரமான ஆபத்து என்றால் பெற்றோருக்குத் தகவல் சொல்லவும் சட்டம் அனுமதிக்கிறது.

2. மருத்துவக் காகிதங்கள்

பெரும்பாலான மாநிலங்களில் 18 வயது முடிந்துவிட்டால் மருத்துவமனையும் நம்மிடம் பேசாது. நள்ளிரவில் பிள்ளையை அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று அறைத்தோழி சொல்லித்தான் தெரிகிறது, மருத்துவமனையை அழைத்தால் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்றுகூடச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மூன்று காகிதங்கள் தேவை: ஹிப்பா என்ற மருத்துவ ரகசியச் சட்டப்படியான தகவல் அனுமதி, பிள்ளையால் முடியாத நிலையில் மருத்துவ முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரம், வங்கி, வாடகை போன்றவற்றுக்கான பொது அதிகாரப் பத்திரம். உங்கள் மாநிலத்தின் படிவங்களையும், பல்கலைக்கழகம் வேறு மாநிலத்தில் இருந்தால் அந்த மாநிலத்தின் மருத்துவப் படிவத்தையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. பல மாநிலங்களின் மருத்துவப் படிவங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நோட்டரிக்கு வங்கிக் கிளையிலேயே கேட்டுப் பாருங்கள், கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பல வங்கிகளில் காசில்லாமல் செய்து தருவார்கள். ஸ்கேன் செய்து உங்கள் போனிலும் பிள்ளையின் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தடுப்பூசிப் பதிவு. கெடு பெரும்பாலும் ஜூலையில் வரும். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) இரண்டு டோஸ், மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, டிடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான்) ஆகியவற்றைப் பல இடங்களில் கேட்பார்கள். பதிவேற்றாவிட்டால் பாடப் பதிவைத் தடுத்துவைப்பார்கள், சில இடங்களில் விடுதி அறைச் சாவியே கிடைக்காது. இந்தியாவில் பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டு சிக்கல். ஒன்று, ஊரில் குழந்தை மருத்துவர் கொடுத்த அட்டையில் தேதி அழிந்திருக்கும், அல்லது மருந்துக் கம்பெனியின் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருக்கும். அதை வைத்து மல்லுக்கட்டாமல், உடலில் நோய் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனையை இங்குள்ள மருத்துவரிடம் எழுதி வாங்கிச் செய்துவிடுங்கள். இன்னொன்று காசநோய்ப் பரிசோதனை. இந்தியாவில் பிறந்தவர் என்றால் அநேகமாகக் கேட்பார்கள். ஊரில் பிறந்தவுடன் தோளில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பார்களே, அதனால் தோலில் ஊசி குத்திப் பார்க்கும் பரிசோதனை நோயே இல்லாமலும் பாசிட்டிவ் காட்டக்கூடும். அப்படி வந்தால் மார்பு எக்ஸ்ரே, மேல் பரிசோதனை என்று இழுத்துக்கொண்டே போகும். ஆரம்பத்திலேயே குவாண்டிஃபெரான் போன்ற இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். பிசிஜி அதைப் பாதிக்காது. முடிவு வரச் சில நாட்கள் ஆகும், ஆகவே ஜூன் மாதமே செய்துவிடுங்கள்.

மூன்றாவது, காப்பீடு. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர் காப்பீட்டுக்கான தொகையைத் தாங்களாகவே பில்லில் சேர்த்துவிடும். வருடத்துக்குச் சில ஆயிரம் டாலர் வரும். உங்கள் அலுவலகக் காப்பீட்டிலேயே பிள்ளை இருந்தால், அது 26 வயது வரை செல்லும் என்பதால், விலக்கு கேட்டுப் படிவம் போட்டால் அந்தத் தொகையை எடுத்துவிடுவார்கள். கெடு ஆகஸ்ட் அல்லது செப்டம்பர். கெடு தாண்டினால் பணம் பெரும்பாலும் திரும்பாது. இந்தப் படிவத்தை வருடா வருடம் போட வேண்டும். அவசரப்பட்டு விலக்கு கேட்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: உங்களுடையது குறிப்பிட்ட பகுதியின் மருத்துவர்களிடம் மட்டும் செல்லும் எச்எம்ஓ வகைக் காப்பீடு என்றால், வேறு மாநிலத்தில் அவசர சிகிச்சையைத் தவிர மற்றவற்றுக்குப் பணம் தராமல் போகலாம். அந்த நிலையில் மாணவர் காப்பீட்டை எடுப்பதே லாபம்.

3. பில், உதவித்தொகை, கடன்

இவை எல்லாமே தனியார் பல்கலைக்கழகங்கள். எந்த மாநிலத்தில் குடியிருந்தாலும் கட்டணம் ஒன்றுதான், மாநிலத்தவர் சலுகை கிடையாது. 2024-25-இல் பாஸ்டன் காலேஜில் கல்விக் கட்டணம் மட்டுமே 70,000 டாலரைத் தாண்டியது. விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 90,000-க்கு மேல். மத்திய மேற்கில் உள்ள மார்க்கெட் போன்றவற்றில் கல்விக் கட்டணம் 50,000 டாலர் அளவில் இருந்தது. இவை பட்டியல் விலைதான், நிறையப் பேர் அவ்வளவு கட்டுவதில்லை.

உதவி இரண்டு வகை. ஜார்ஜ்டவுன், பாஸ்டன் காலேஜ் போன்ற இடங்களில் குடும்பத்தின் பணத் தேவையைப் பார்த்துத்தான் அநேகமாக எல்லா உதவியும். செயின்ட் லூயிஸ், மார்க்கெட், லயோலா சிகாகோ போன்ற இடங்களில் மதிப்பெண்ணைப் பார்த்தும் நிறையவே தருகிறார்கள். இரண்டாவது வகை கிடைத்திருந்தால் அனுமதிக் கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் உள்ள நிபந்தனையைப் படியுங்கள். ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், இத்தனைக்குக் கீழே போகக் கூடாது, செமஸ்டருக்கு எடுக்கும் பாட அளவு 12 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது என்பது போல இருக்கும். அந்த எண்ணைப் பிள்ளைக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளை என்றால் அரசு நிதி உதவிக்கான ஃபாஃப்சா படிவம் போட வேண்டும். வழக்கமாக அக்டோபர் 1-இல் திறக்கும். பெற்றோருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைக்கு இருந்தால் போதும். ஜார்ஜ்டவுன், பாஸ்டன் காலேஜ், ஃபோர்டாம் போன்றவை இதோடு, தங்கள் சொந்த உதவியை முடிவு செய்ய, சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தையும் கேட்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். ஆண்டு வருமானம் 100,000 டாலர் வரை உள்ள குடும்பங்களுக்கு இலவசம். சென்னையில் ஃபிளாட், ஊரில் நிலம் இருந்தால் சிஎஸ்எஸ் அதையும் விசாரிக்கும். உள்ளதை அப்படியே எழுதுங்கள்.

உதவி போதவில்லை என்றால் அந்தக் கடிதமே முடிவு இல்லை. ஃபாஃப்சா இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக்கணக்கைத்தான் பார்க்கும். ஐடி வேலையில் இருந்தவர் போன மாதம் லேஆஃப் ஆகியிருப்பார், படிவமோ அவர் முழுச் சம்பளம் வாங்கிய வருடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். வேலை நீக்கக் கடிதம், பெரிய மருத்துவ பில், ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணத்தின் ரசீது என்று ஆவணங்களோடு நிதி உதவி அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். மறுபரிசீலனை செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பணம் இருக்கும்போதே கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கும், ஆகவே வசந்த காலத்திலேயே எழுதுங்கள்.

கடன் பக்கம்: முதலாண்டு மாணவர் தன் பெயரில் 5,500 டாலர் வரை அரசுக் கடன் வாங்கலாம். பெற்றோர் பெயரில் வாங்கும் பேரண்ட் பிளஸ் கடனுக்கு 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு உச்சவரம்பு வந்திருக்கிறது: ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர். பழைய காலத்துக் கட்டுரைகளைப் படித்துவிட்டு மீதியை எல்லாம் பிளஸ் கடனில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அந்தக் கணக்கு இனிமேல் ஒத்துவராது.

பில் ஜூலையில் வரும், ஆகஸ்ட் தொடக்கத்தில் கட்ட வேண்டியிருக்கும். மாதத் தவணைத் திட்டம் அநேகமாக எங்கும் உண்டு. சின்னப் பதிவுக் கட்டணம் இருக்கும், வட்டி இருக்காது. கிரெடிட் கார்டில் கட்டினால் 2 அல்லது 3 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள், வங்கிக் கணக்கிலிருந்தே கட்டுங்கள். கல்விச் செலவுக்கான 529 என்ற வரிச் சலுகைச் சேமிப்பிலிருந்து எடுக்கிறவர்கள், பில் கட்டிய அதே காலண்டர் வருடத்திலேயே பணத்தையும் எடுத்துவிட வேண்டும். டிசம்பரில் கட்டிவிட்டு ஜனவரியில் எடுத்தால் வரிக் கணக்கில் வம்பு. ஜனவரி இறுதிக்குள், வரித் தாக்கலுக்காகக் கல்விக் கட்டணத்தைக் காட்டும் 1098-டி படிவம் போர்ட்டலில் வரும். கணவன், மனைவி சேர்ந்து வரி தாக்கல் செய்யும் குடும்பத்தின் வருமானம் 160,000 டாலருக்குள் இருந்தால் வருடத்துக்கு 2,500 டாலர் வரை வரிச் சலுகை கிடைக்கும். 180,000-ஐத் தாண்டினால் கிடையாது.

4. எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகள்

பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்து வருவது எச்-4. பள்ளிக்கூடம் முழுக்க இங்கேயே படித்திருந்தாலும் எச்-4 பிள்ளைக்கு ஃபாஃப்சா வழியாக வரும் உதவியோ அரசுக் கடனோ கிடையாது. கேம்பஸில் மணி நேர வேலையும் செய்ய முடியாது. மதிப்பெண் அடிப்படையிலான உதவித்தொகை சில இடங்களில் கிடைக்கும், ஆகவே விண்ணப்பிக்கும்போதே அதைத் தரும் கல்லூரிகளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

21 வயது ஆனால் எச்-4 முடிந்தது. அது அநேகமாக மூன்றாம் ஆண்டின் நடுவில் வரும், தேர்வு நேரத்தில் வந்தால் இன்னும் மோசம். மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறப் பல மாதங்கள் பிடிக்கும். 20-ஆவது பிறந்தநாள் தாண்டியதுமே பிள்ளையைச் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். அதற்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தை வாங்க ஒரு வருடச் செலவுக்கான வங்கி ஆதாரம் காட்ட வேண்டும். இங்கிருந்தே மாறுவதா, ஊருக்குப் போய் விசா முத்திரை வாங்கி வருவதா என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டு முடிவெடுங்கள். இதில் நண்பர்கள் சொல்வதை நம்பி இறங்காதீர்கள்.

எஃப்-1-க்கு வந்தபின் ஒரு விதி. செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. கஷ்டமான பாடத்தை விட்டுவிடலாம் என்று பாட ஆலோசகர் நல்ல எண்ணத்தோடு சொன்னாலும், சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதியை முதலில் வாங்கிவிட்டுத்தான் விட வேண்டும். விட்டபிறகு கேட்டால் விசாவுக்கே ஆபத்து.

5. இறையியலும் தத்துவமும் எதற்கு என்று கேட்காதீர்கள்

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போன பிள்ளையின் பாடப் பட்டியலில் இறையியல் இருப்பதைப் பார்த்ததும் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். மதம் மாற்றிவிடுவார்களோ என்று பாட்டி கேட்பார், இதற்கா இவ்வளவு பணம் என்று அப்பா கேட்பார். ஜெசுவிட் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறையில் சேர்ந்தாலும் பொதுவான அடிப்படைப் பாடத்திட்டம் ஒன்று உண்டு. பாஸ்டன் காலேஜில் அது 15 பாடங்கள். அவற்றில் தத்துவம் இரண்டு, இறையியல் இரண்டு, வரலாறு இரண்டு. செயின்ட் லூயிஸில் இறையியல், தத்துவம் இரண்டிலும் ஆழமான கேள்விகளை எடுத்துப் பேசும் பாடங்கள் எல்லோருக்கும் கட்டாயம். இவை ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு அல்ல. ஜார்ஜ்டவுனில் நிறைய முதலாண்டு மாணவர்கள் எடுக்கும் இறையியல் பாடத்தின் பெயரே கடவுள் என்னும் சிக்கல் என்ற பொருளில்தான் இருக்கிறது. கடவுள் இல்லை என்று வாதாடிக் கட்டுரை எழுதினாலும், வாதம் சரியாக இருந்தால் நல்ல மதிப்பெண் வரும். பல இடங்களில் இந்து சமயம், பௌத்தம், இஸ்லாம் பற்றிய பாடங்களை எடுத்தும் இந்தத் தேவையின் ஒரு பகுதியை நிறைவு செய்யலாம்.

இதில் உள்ள நடைமுறைச் சிக்கல் வேறு. பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வுகளான ஏபி தேர்வுகளில் நிறைய கிரெடிட் வாங்கிய பிள்ளை மூன்று வருடத்தில் பட்டத்தை முடித்துவிடும் என்று நம் பெற்றோர் நிறையப் பேர் கணக்குப் போடுகிறார்கள். தத்துவத்துக்கும் இறையியலுக்கும் ஏபி தேர்வே கிடையாது. இந்தப் பாடங்களைப் பல்கலைக்கழகத்திலேயே படித்தாக வேண்டும். பொறியியல், நர்சிங் போன்ற துறைகளில் பாட வரிசை ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும். ஆகவே முதல் வருடத்திலேயே ஆலோசகருடன் உட்கார்ந்து எட்டு செமஸ்டருக்கும் திட்டம் போட்டுக்கொள்வது நல்லது. 120 கிரெடிட் வேண்டிய பட்டத்தை நான்கு வருடத்தில் முடிக்கச் செமஸ்டருக்குச் சராசரி 15 வேண்டும். 12 என்பது முழுநேர மாணவர் என்ற தகுதிக்கு மட்டும்தான்.

என் மகள் முதலில் முணுமுணுத்துக்கொண்டேதான் தத்துவ வகுப்புக்குப் போனாள். இப்போது வீட்டில் நாங்கள் எதையாவது அடித்துச் சொன்னால், அதற்கு ஆதாரம் என்ன என்று பொறுமையாகக் கேட்கிறாள். அந்தப் பாடத்துக்குக் கட்டிய பணம் வீண் என்று நான் நினைக்கவில்லை.

6. செமஸ்டரில் நான்கு தேதிகள்

பல்கலைக்கழகத்தின் கல்வி நாட்காட்டி யாருக்கும் திறந்தே இருக்கும், அனுமதி எதுவும் தேவையில்லை. அதிலிருந்து நான்கு தேதிகளை உங்கள் போன் காலண்டரில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, பாடத்தைச் சேர்க்கவும் நீக்கவும் கடைசி நாள். வகுப்பு தொடங்கி ஒன்றிரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். அதற்குள் நீக்கினால் சான்றிதழில் சுவடே இருக்காது. இரண்டாவது, டபிள்யூ என்ற விலகல் குறியோடு பாடத்திலிருந்து விலகக் கடைசி நாள். செமஸ்டரின் பிற்பகுதியில் வரும். டபிள்யூ ஜிபிஏ-வைக் குறைக்காது, ஆனால் கட்டணம் திரும்பாது, கிரெடிட்டும் கிடைக்காது. தோல்வியைக் குறிக்கும் ஒரு எஃப் வாங்குவதைவிட ஒரு டபிள்யூ எவ்வளவோ மேல். நம் பிள்ளைகள் தோல்வி என்று நினைத்துக் கடைசி நாளைத் தாண்டவிட்டுவிடுகிறார்கள், அவமானமாக எண்ண வேண்டாம் என்று நாம்தான் முன்பே சொல்லிவைக்க வேண்டும். மூன்றாவது, அடுத்த செமஸ்டருக்குப் பதிவு திறக்கும் நாள். பில் பாக்கி இருந்தாலோ, ஆலோசகரைப் பார்க்காவிட்டாலோ பதிவு பூட்டியிருக்கும். அதற்கு ஒரு வாரம் முன்பே தடை ஏதாவது இருக்கிறதா என்று பிள்ளை பார்த்துவிட வேண்டும்.

நான்காவது, கடைசித் தேர்வு நாள். டிசம்பர் சென்னை டிக்கெட்டை ஜூலையிலேயே மலிவாகப் போட்டுவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஒவ்வொரு பாடத்தின் தேர்வு நாளும் செமஸ்டர் தொடங்கிய பிறகுதான் உறுதியாகத் தெரியும். டிக்கெட் எடுத்துவிட்டோம் என்பதற்காக எந்தப் பேராசிரியரும் தேர்வை மாற்றித் தர மாட்டார். தேர்வு வாரம் முடிந்ததற்கு மறுநாளைக்கு டிக்கெட் போடுங்கள். எஃப்-1 பிள்ளை என்றால் புறப்படும் முன் ஐ-20-இல் பயணக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

முழு செமஸ்டரையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வரும் நிலை வந்தால், அரசு உதவி வாங்குகிறவர்கள் 60 சதவீதக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். செமஸ்டரில் 60 சதவீத நாட்கள் முடிவதற்குள் விலகினால் அரசு உதவியின் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட நேரும். ஒரு வார வித்தியாசம் பல ஆயிரம் டாலரை மாற்றிவிடும். கையெழுத்துப் போடும் முன் நிதி உதவி அலுவலகத்தைக் கேளுங்கள்.

7. மதிப்பெண் இறங்கினால் யாரிடம் போவது

இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பேராசிரியர். ஒவ்வொருவருக்கும் வாரத்தில் சில மணி நேரம் அறையில் மாணவர்களுக்காக உட்கார்ந்திருக்கும் நேரம் உண்டு. பாடத்தின் முதல் நாள் தரும் சிலபஸிலேயே நேரமும் அறை எண்ணும் இருக்கும். நம் பிள்ளைகள் இதற்குப் போகத் தயங்குகிறார்கள். வாத்தியார் அறைக்குப் போனால் திட்டு விழும் என்ற பயம் நம்மிடமிருந்து அவர்களுக்குத் தொற்றியது.

மகள் வேதியியல் மிட்டெர்மில், அதாவது செமஸ்டர் நடுவில் வரும் தேர்வில், 58 வாங்கியபோது போனில் அழுதாள். திருத்திய விடைத்தாளை எடுத்துக்கொண்டு போ, என்ன தப்பு என்று கேட்காதே, இந்த மூன்றாவது கணக்கில் இந்த வரிக்கு அப்புறம் எனக்கு விளங்கவில்லை என்று காட்டு என்றேன். போனாள். பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, உனக்கு வேதியியல் தெரிகிறது, அலகு மாற்றுவதில்தான் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறாய் என்று சிவப்புப் பேனாவால் நான்கு இடங்களைச் சுழித்துக் காட்டினாராம். அன்றைக்கே பயிற்சி மையத்தில் வாரம் ஒரு மணி நேரத்துக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பயிற்சி மையம், எழுத்து மையம் இரண்டும் கட்டணத்திலேயே அடக்கம். மிட்டெர்முக்குப் பிறகு இடம் கிடைப்பது கஷ்டம், செப்டம்பரிலேயே பதிவு செய்யட்டும். வெளியில் மணிக்கு 60, 80 டாலர் கொடுத்து டியூஷன் வைப்பதற்கு முன் இதை முயன்று பாருங்கள். அடுத்தது பாட ஆலோசகர். அதற்கும் மேல் கல்லூரியின் துணை டீன். பெற்றோர் நேராகப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதவே கூடாது. பதில் வராது, பிள்ளைக்குத்தான் சங்கடம்.

அரசு உதவி தொடர ஒரு குறைந்தபட்சத் தரமும் உண்டு. பொதுவாக ஜிபிஏ 2.0, எடுத்த கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்கு தேர்ச்சி. இறங்கினால் எச்சரிக்கை மின்னஞ்சல் மாணவருக்கு மட்டுமே வரும். மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது, அதற்கும் கெடு இருக்கிறது.

8. கற்றல் குறைபாடு, மனநலம்

பள்ளியில் ஐஇபி, அதாவது கற்றல் குறைபாடு போன்றவற்றுக்கான தனிக் கல்வித் திட்டம், இருந்த பிள்ளையா? கல்லூரியில் அது செல்லாது. உரிமை இருக்கிறது, ஆனால் மாணவரே மாற்றுத்திறனாளி சேவை அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அண்மையில் எடுத்த பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். பள்ளியிலேயே, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் மறுபரிசோதனை கேளுங்கள். வெளியில் செய்தால் ஆயிரக்கணக்கில் ஆகும். பதிவு செய்த பிறகு ஒவ்வொரு செமஸ்டரும் பேராசிரியர்களுக்குக் கடிதம் அனுப்பச் சொல்வதும் மாணவர் பொறுப்புதான். தேர்வுக்கு முந்தைய நாள் கேட்டால் கூடுதல் நேரம் கிடைக்காது.

மனநல ஆலோசனை மையம் பொதுவாக இலவசம். சில அமர்வுகளுக்குப் பிறகு நீண்ட சிகிச்சை தேவைப்பட்டால் வெளி மருத்துவரிடம் அனுப்புவார்கள், அப்போதுதான் மேலே சொன்ன காப்பீட்டு விஷயம் வந்து நிற்கும். பிள்ளை அங்கே போகிறதா இல்லையா என்பதைக்கூட உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அந்த ரகசியம் இருப்பதால்தான் பிள்ளைகள் தைரியமாகப் போகிறார்கள். ஆகவே அங்கே போய்ப் பேசுவது நல்லது, எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை என்று சேருவதற்கு முன்பே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் இது சொல்லப்படாமலே போய்விடுகிறது. நெருக்கடி என்றால் 988 என்ற எண் நாள் முழுதும் இயங்குகிறது, பிள்ளையின் போனில் இருக்கட்டும்.

ஜெசுவிட் பல்கலைக்கழகங்களில் கூடுதலாக ஒரு வசதி உண்டு. விடுதிகளிலேயே குருமார்களோ ஆன்மிகத் துணையாளர்களோ குடியிருக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எந்த மதத்துப் பிள்ளையும் போய்ப் பேசலாம், எந்த நிபந்தனையும் இல்லை. ஜார்ஜ்டவுனில் இந்துப் பிள்ளைகளுக்கென்றே தனி ஆன்மிகத் துணையாளரும் வழிபாட்டு இடமும் உண்டு. மற்ற இடங்களில் கேம்பஸ் மினிஸ்ட்ரி அலுவலகத்தைக் கேட்டால் இந்து மாணவர் சங்கத்தோடு தொடர்பு ஏற்படுத்தித் தருவார்கள், தீபாவளியும் நடக்கும்.

9. சாப்பாடு, அறை

சுத்த சைவம் என்றால் உணவு நிர்வாகத்தில் உள்ள டயட்டீஷியனைப் பிள்ளை முதல் வாரமே பார்க்கட்டும். ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைக்கும் முன் விடுதியின் தடைப் பட்டியலைப் படியுங்கள், பல விடுதிகளில் அனுமதி இல்லை, எடுத்துவைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டுத் திட்டத்தில் பெரியதை முதலில் எடுக்க வேண்டாம். முதல் இரண்டு வாரத்துக்குள் மாற்ற வழி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

10. இரண்டாம் ஆண்டுக்கான வேலை அக்டோபரிலேயே தொடங்குகிறது

முதல் செமஸ்டர் இன்னும் பாதிகூட ஆகியிருக்காது, அதற்குள் அடுத்த வருடத்து ஃபாஃப்சா திறந்துவிடும். அதையும் சிஎஸ்எஸ்-ஐயும் வருடா வருடம் புதிதாகப் போட வேண்டும். மார்க்கெட், கிரெய்ட்டன், லயோலா சிகாகோ போன்றவற்றில் முதல் இரண்டு வருடம் விடுதியில் தங்குவது பொதுவாகக் கட்டாயம். பெற்றோர் வீடு பக்கத்திலேயே இருந்தால் விலக்கு கேட்கலாம், அதற்கும் படிவமும் கெடுவும் உண்டு. கட்டாயம் இல்லாத இடங்களில், அடுத்த ஆகஸ்டு வாடகை வீட்டுக்கு நண்பர்கள் சேர்ந்து இலையுதிர் காலத்திலேயே ஒப்பந்தம் போடத் தொடங்கிவிடுவார்கள். அதில் பெற்றோரைப் பிணையாளராகக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் ஒருவர் வாடகை கட்டாவிட்டால் மற்ற மூவரின் பெற்றோரும் பொறுப்பா, அல்லது ஒவ்வொருவரும் தன் பங்குக்கு மட்டுமா என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். தன் பங்குக்கு மட்டும் என்று இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள வீட்டுக்காரர்களில் பலர் மாற்றித் தருவார்கள்.